நான் பேசாமல் இருந்தபோது தரைக்கு நேர்ந்தது

கோபம் வந்தால் என் கணவர் கத்துவார். கொஞ்ச நேரத்தில் கத்தியதே மறந்துபோய் வந்து தேநீர் கேட்பார். எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். சாப்பாடு நேரத்துக்கு வரும், சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கும், பேச்சு மட்டும் வராது. இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்குள் ஒரு பெருமைகூட உண்டு. போன தீபாவளிக்கு முந்திய வாரம் அந்தப் பெருமையால் அடிபட்டது எங்கள் கூடத்துத் தரை.

குளுவாங் ஊரில் இந்த வீட்டை வாங்கியதே அந்தத் தரைக்காகத்தான். முன்பு இங்கே இருந்த சீனப் பெரியவர் மர வியாபாரி. ஊரே டைல்ஸ் போட்டபோது அவர் மட்டும் கூடம் முழுக்க மெர்பாவ் மரப் பலகை பதித்திருந்தார். நல்ல செம்பழுப்பு நிறம். வீடு பார்க்க வந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவள், சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காமல் "இதுதான்" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் நான் வருத்தப்படவில்லை.

தீபாவளிக்கு வழக்கம்போல ஓப்பன் ஹவுஸ். அக்கம்பக்கத்து மலாய்க்காரர், சீனர், என் கணவருடைய தொழிற்சாலை நண்பர்கள் எல்லாரும் வருவார்கள். கூடத்தில் நாற்காலி போட இடம் வேண்டும். சன்னல் ஓரம் நின்ற கண்ணாடி அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியது. அது சாதாரண அலமாரி இல்லை. யாரும் எடுத்துச் சாப்பிடாத பீங்கான் தட்டுகள், மகள் பள்ளியில் வாங்கிய பூப்பந்துக் கோப்பைகள் என்று ஒரு ஆளைவிட அதிகக் கனம். நான் முறுக்கு மாவில் கை வைத்திருந்தேன்.

"இருங்க, கையைக் கழுவிட்டு வரேன். நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்றேன்.

"நீ புடிச்சு என்னா ஆவப் போவுது?" என்றார்.

அடுத்து கேட்டது ஒரு கிறீச். கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், நிற்காமல், ஒரே இழுப்பு. ஓடிவந்து பார்த்தேன். அலமாரியின் ஒரு காலில் ரப்பர் கழன்று ஆணி தலைகாட்டிக்கொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் கோடு. நடுக்கூடத்தில், அவர் மூச்சு வாங்கி மறுபடி இழுத்த இடத்தில், பள்ளமே விழுந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "லேசாதான் இருக்கு. துடைச்சா போயிரும்."

அத்தோடு நான் வாயை மூடினேன். அவர் நினைத்தது, தரை கீறிவிட்டதால் கோபம் என்று. தரையும் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட வலித்தது அந்த வார்த்தை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பவள் நான். பிடித்து என்ன ஆகப்போகிறதாம்?

கீறலைச் சரி செய்தால் நான் பேசிவிடுவேன் என்று அவருக்கு நம்பிக்கை. மறுநாளே கைப்பேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். என் கணவருக்கு எந்த வீடியோவையும் முடிவு வரைக்கும் பார்க்கும் வழக்கம் இல்லை. பாதியிலேயே "ஆங், புரிஞ்சிருச்சு" என்று எழுந்துவிடுவார். நான் அதே வீடியோவைச் சமையலறையில் காதில் மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரியும். சொல்லத்தான் முடியாது.

முதல் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் கீறலின் மேல் வால்நட் பருப்பைத் தேய்த்தார், கீறல் மறைந்தது. இவர் கடைக்குப் போனார். வால்நட் இல்லை. பருப்புதானே என்று உப்பும் சர்க்கரையும் போட்டு வறுத்த கச்சான் கடலை வாங்கி வந்து, பாதியைத் தின்று, மீதியைத் தேய்த்தார். சாயங்காலம் எறும்பு வந்தது. நூல் பிடித்த மாதிரி, ஒன்றுகூட வரிசை தப்பாமல், கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஊருக்கே காட்டிக்கொண்டு போனது. நான் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் தீவிரமானார்.

அடுத்தது மெழுகுக் குச்சி. ஹார்ட்வேர் கடையில் நிறம் நிறமாக வைத்திருக்கிறார்கள். கழன்ற பலகைத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கவேண்டும் என்று வீடியோவின் கடைசியில் தெளிவாகச் சொன்னார்கள். அவர் கடைசியைப் பார்க்கவில்லையே. கறுஞ்சிவப்பு வாங்கி வந்து கோடு முழுக்கத் தடவினார். தரைக்கு உதட்டுச்சாயம் பூசியதுபோல் இருந்தது. அதற்குமுன் கீறலைக் கவனிக்காதவர்கூட இனிமேல் கவனிப்பார்.

அப்புறம்தான் உப்புத்தாள் வந்தது. நடுவில் இருந்த பள்ளத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்க்கவேண்டும். இவர் ரேகைக்குக் குறுக்கே, தேங்காய் துருவும் வேகத்தில் ஆரம்பித்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் என் பல் கூசியது. "குறுக்கே தேய்க்காதீங்க!" என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். சட்டி மூடியைத் தூக்கிப் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "உங்கப்பாகிட்ட சொல்லு. ரேகையோடவே தேய்க்கணும்."

அவள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். எல்லைப் பாலத்தில் நெரிசல், பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறாள். நெடுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "அலமாக், ம்மா! ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? சரி லா, போன் பண்றேன்."

அதற்குள் அவர் தேய்த்து முடித்து, தூசியைக்கூடத் துடைக்காமல், வார்னிஷும் அடித்துவிட்டார். நடுக்கூடத்தில் பாய் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. அப்போது எதிர்ப்பக்கம் மேசையில் அவர் கைப்பேசி அடித்தது. மகள்தான். நான் சொல்லச் சொன்ன செய்திதான். அதை எடுக்க அவசரமாக எழுந்தவர் ஈர வார்னிஷிலேயே ஒரு கால் வைத்துத் தாண்டினார்.

"அப்பா, ரேகையோடவே தேய்க்கணுமாம்" என்றாள் மகள்.

அவர் தன் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஐந்து விரலும் குதிகாலும் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. "இனிமே எதையும் தேய்க்கல" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகைதான் வந்தது. என் தரை போயிற்று. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போயிருக்காது.

மறுநாள் தீபாவளிக்கு முந்திய நாள். வார்னிஷ் பிசுபிசுவென்று இன்னும் காயவில்லை. கம்பளம் விரித்தால் ஒட்டிக்கொள்ளும். மறைக்க ஒரே வழி, நாலு கால் உள்ள எதையாவது அதன் மேல் நிறுத்துவது. அந்த அகலத்துக்கு வீட்டில் இருந்தது அந்த அலமாரி ஒன்றுதான். அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினார், கோப்பைகளையும். ரப்பர் கழன்ற காலுக்குப் புதியது மாட்டினார். நான் அதிரசம் சுட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

முந்திய இரவே வந்து சேர்ந்திருந்த மகள் போய் அலமாரியின் மறுபக்கம் நின்றாள். "நான் புடிக்கிறேன்பா."

"நீ இரு" என்றார். "அம்மா வரட்டும்."

சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வர இடமில்லை. "கொஞ்சம் ஒரு பக்கம் புடிக்கிறியா? என்னால தனியா முடியாது."

அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவினேன், தேவைக்கு அதிக நேரமாகவே. கண்ணில் நிறைந்தது கொஞ்சம் வடியட்டும் என்றுதான். பிறகு போய் என் பக்கம் பிடித்தேன்.

"தூக்குங்க" என்றேன். "இழுக்காதீங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் கேட்ட என் முதல் பேச்சு அதுதான். முகமெல்லாம் பல்லாகத் தூக்கினார்.

மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் கூடத்தின் நட்ட நடுவில் நின்ற அலமாரியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டுக் கக்காக், அந்த மலாய்க்கார அக்கா, மட்டும் கீழே குனிந்து, ஒரு காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் தடத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் தூக்கி வச்சோம்" என்றார்.

கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனாலும் அலமாரி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.