பட்டாளச் செலவைக் கேட்ட ராவுத்தர்

போன வெள்ளிக்கிழமை காலை என் கடையில் டீ அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்தின் காவல்காரர் ராம்தீன் வந்து நின்றார். "லுங்கிக் கடை ராவுத்தர் மௌத்" என்று சாவுச் செய்தி சொன்னார். சர்க்காரிடம் பதில் வாங்காமல் அவர் எப்படிப் போவார் என்று கிண்டல் என் வாய் வரை வந்துவிட்டது. கேட்டுத் திருப்பித் திட்டத்தான் அவர் இல்லை.

காசிம் ராவுத்தரை எங்கள் ரங்கூன் போட்டாதாங் பேட்டையில் தெரியாதவர் யார்? ஆனாலும் ராம்தீன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் சந்தின் கோடியில் வீட்டுக்கார முதலாளியின் அரிசிக் கிடங்கு. அதைக் காக்கத்தான் ராம்தீனை வைத்தார். கூலியை மட்டும் எங்கள் வாடகையில் ஏற்றினார். ராவுத்தர் எங்களைத் திரட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றார்.

"மொதலாளி, காவல் ஒங்க அரிசிக்கு, கூலி எங்க தலையிலயா? பாதி நீங்க போடுங்க. எங்க பாதிக்கு ராம்தீன் எங்க வாசலையும் சுத்தி வரட்டும். இல்லேன்னா அத்தனை வீடும் காலி."

அன்று சாயங்காலமே முதலாளி ஒத்துக்கொண்டார்.

இதே நியாயத்தைத்தான் அவர் சர்க்காரிடமும் கேட்டார். நம் வரியில் வளர்க்கிற பட்டாளத்தைக் கப்பலேற்றி வேறு தேசத்துக்கு அனுப்புகிறார்கள். நம்மைக் காக்கிற செலவை நாம் கொடுப்போம், மற்றதை லண்டன் சர்க்கார் கொடுக்கட்டும் என்பார். சட்டசபைக்குப் போன நம் பிரதிநிதி ஒருநாள் என் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தார். ராவுத்தர் பிடித்துக்கொண்டார்.

"ரோடு கேளுங்க, பள்ளிக்கூடம் கேளுங்க ராவுத்தரே. பட்டாளச் செலவுல எங்களுக்கு ஓட்டே கெடையாது. அது மேலிடத்துக் காரியம்."

"அப்ப வரி மட்டும் எங்க காரியமா?"

பிரதிநிதி டீயை ஆற்றிக் குடித்தார்.

"மாமு, ரங்கூனையும் காலி பண்றோம்னு சொல்லிப் பாருங்களேன்" என்று நான் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "மாப்ளே, மொதலாளிய விட்டுப் போயிடலாம். சர்க்கார விட்டு எங்க போறது? ஆத்தத் தாண்டி த்வாண்டேக்குப் போனாலும் அங்கயும் அவன்தான்" என்றார்.

அதற்கப்புறம் கடைக்கு வந்த பெரிய மனுஷர் ஒருவரையும் அவர் விடவில்லை. தலையாட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். எனக்கு ஆறாத ஆத்திரம் அதுதான். இல்லை என்றாவது ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம்.

அடக்கம் முடிந்த மறுநாளே முதலாளியின் கணக்கப்பிள்ளை வந்தார். "ராவுத்தர் போயிட்டாரு. இனிமே ராம்தீன் கூலி முழுக்க ஒங்களோடது."

"மண்ணு காயலையேய்யா" என்றேன். பிறகு என்னை அறியாமல் ராவுத்தர் குரலிலேயே கேட்டேன்: "காவல் யாரு அரிசிக்கு?"

பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை வந்த வழியே போனார்.

ஆக, சந்துக் கேள்வி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, மாமு. பட்டாளக் கேள்வியையும் நானே எடுத்துக்கொண்டேன். அதற்கு எழுந்து நிற்கச் சட்டசபையில் இன்னும் ஆள் இல்லை. பரவாயில்லை. பிரதிநிதி டீ குடிக்க மறுபடி வராமலா போவார்?