கிளுவை வேலியில் ஒரு பொட்டு

நான் இருக்கும் இடத்தை மகள் தொலைபேசியில் "பார்க்" என்றுதான் சொல்வாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் தாய் தகப்பன் வாழ்ந்த வளவைத் துப்புரவாக்கி, நடுவில் புல் வளர்த்து, சுற்றிவரச் சின்னச் சின்ன வீடுகளாக வைத்திருக்கிறார். பிள்ளைகள் வெளியில் போய், இங்கே தனித்துவிட்ட வயதானவர்களுக்காக. சுவர் கல்லுச் சுவர் இல்லை, பலகை மாதிரி ஒன்று. தட்டினால் தகரப்பேணியைப் போலச் சத்தம் கேட்கும். ஒரு அறை, ஒரு குசினி, உள்ளுக்கே குளியலறை. வீடு எங்களுடையது, நிலம் அவருடையது. என்னுடைய மனுசன் போன பிறகு மகள் கனடாவிலிருந்து வந்து என்னை இங்கே கொண்டுவந்து விட்டாள்.

"எல்லாம் இருக்கம்மா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை" என்றாள்.

உண்மைதான், எல்லாம் இருந்தது. வேலிதான் இல்லை.

வேலி இல்லாத வீட்டில் நான் அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை. வலிகாமத்தில் எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவை வேலி, அதற்கு மேலே பனையோலை அடைப்பு. ஒழுங்கையால் போகிறவர்களின் தலை மட்டும் தெரியும், அதுவும் உயரமானவர்கள் என்றால்தான். சண்டைக் காலத்தில் கலைபட்டுப் போய்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்த நாட்களிலும், சோறு கிடைக்க முன்னமே நாலு சேலையைக் கட்டி மறைப்புச் செய்தோம். இங்கே கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க ஆட்கள். ஓய்வுபெற்ற ரீச்சர்மார், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சீமெந்து வாங்கில் இருந்துகொண்டு அவர்கள் பேப்பர் பார்த்துக் கதைப்பார்கள். ஈரச் சேலையை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் கொடிக்குப் போக எனக்குக் கால் வராது. உடுப்பை உள்ளுக்கே கதிரையில் விரித்துக் காயவிட்டேன். அது காயாமல் மணக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி குருநகர் ஆள். வேதக்காரர், கடல் தொழில் செய்த குடும்பம். மனுசன் கடலில் போனவர், பிள்ளைகள் பிரான்சில். என்னைவிட ஐந்தாறு வயது இளமை. அவள் குரல் புல்வெளியின் அந்தக் கரைவரைக்கும் கேட்கும். நான் வந்த கிழமையே என் யன்னலில் தட்டினாள்.

"என்னணை அக்கா, உள்ளுக்கை இருந்து முட்டையே அடைகாக்கிறியள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் என் யன்னல் திறக்கச் சுணங்கினால் அவள் தன் குசினியில் நின்றே கூப்பிடுவாள்.

"அக்கோய்! உசிரோடை இருக்கிறியளோ?"

"ஓம்" என்பேன்.

"அப்ப சரி. இனித் தேத்தண்ணி குடிக்கலாம்."

மீன் குழம்பு வைத்தால் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்த பிறகு, வெள்ளியில் மீன் போடாத சொதி கொண்டுவந்தாள். "உங்கடை சாமியும் எங்கடை சாமியும் சண்டை பிடிக்கக் கூடாதெல்லே" என்பாள். அவள் கதைப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த இடத்தில் நானும் ஒருத்தி இருக்கிறேன் என்று நினைத்தது அவள் வந்து இருக்கும் அந்த நேரத்தில் மட்டும்தான். அதனால் இப்போது எழுதுவதை எழுதவே கை கூசுகிறது.

ஐப்பசி மழை தொடங்கியது. கிளுவைத் தடி நட்டால் பிழைக்கிற காலம். புல்லு வெட்ட வருகிற மனுசனிடம் நாலைந்து நாளாகக் கேட்க நினைத்து, ஒருநாள் கேட்டேன். அவர் தன் ஊர் வேலியில் வெட்டிய கிளுவைக் கதியால்களை ஒரு கட்டாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"உதுக்குள்ளை என்னத்தை ஆச்சி அடைக்கப் போறியள்? ஆட்டுக்குட்டி கட்டவும் இடம் காணாதே!"

"சும்மா, ஒரு மறைப்புக்கு" என்றேன்.

அவர் வந்த அந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. கோயில் திருநாளுக்கென்று குருநகரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அந்த நாளைத் தேடி எடுக்கவில்லை. மழை பெய்து வாங்குகள் நனைந்து, வெளியில் ஆட்கள் இல்லாமல் இருந்தது. ஆட்கள் பார்க்க நின்று வேலை செய்விக்க எனக்கு வெட்கம். அதனால்தான் அன்று செய்தேன். என் குளியலறை யன்னலும் உடுப்புத் தோய்க்கும் இடமும் அவள் வீட்டுப் பக்கம் என்பதால், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நட்டோம். தடிகளுக்கு இடையில் பின்னிய தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டினோம். கிடுகின் புது மணம் வீட்டுக்குள்ளும் வந்தது.

ஒரு இடத்தில் மட்டும் நடவேண்டாம் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு வளவுக்கு இடையில் வேலி போட்டால், ஒரு ஆள் குனிந்து போய்வரும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். பொட்டு என்று சொல்வோம். நெருப்புக் கேட்கவும் கறி கொடுக்கவும் பெண்கள் அதற்குள்ளால்தான் போய்வருவார்கள். மனக்கசப்பு வந்தால் முதலில் அடைபடுவது பொட்டுத்தான். நான் அதை அவள் குசினிக் கதவுக்கு நேரே விட்டேன். அவள் தட்டோடு வர வசதியாக, கொஞ்சம் அகலமாகவே விட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் வந்தாள். ஓட்டோ நின்ற சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அன்று எனக்கு வெட்கமில்லை. என் வேலியைக் காட்ட ஆசையாக இருந்தது. அவள் பையை இறக்கவில்லை. கிடுகை ஒருதரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லது அக்கா. நான் இல்லாத நேரம் பாத்து எல்லை போட்டிட்டியள்."

"இல்லைப் பிள்ளை…"

"எங்கடை மீன் மணம் ஒத்து வரேல்லையெண்டால் முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். யன்னலைப் பூட்டிப்போட்டுச் சமைச்சிருப்பன்."

"அப்பிடியில்லை…"

"விடுங்கோ. வெள்ளாளப் பெரியாக்களின்ரை வளவு எப்பவும் அடைச்சுத்தானே இருக்கிறது. நான்தான் மறந்துபோனன்."

அவள் சாதியைத்தான் சொன்னாள். அப்படி ஒரு நினைப்பு என் மனதில் இருக்கவில்லை. ஆனால் ஊரில் எங்கள் ஆட்கள் எதற்காக வேலியை உயர்த்தினார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பொட்டைக் கையால் காட்டினேன். அவள் அதைப் பார்த்து, "ஓம், மிச்சத்தையும் அடையுங்கோ, தடி முடிஞ்சுபோச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பிறகுதான் யோசித்தேன். குருநகரில் வீடும் வீடும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் முற்றத்தால் மற்றவர் போய்வருவார்கள். அங்கே ஒருவர் தட்டி கட்டினால் சண்டை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பொட்டு என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? இதை எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஒவ்வொரு காலையும் பொட்டுவரை போனேன். அவள் குசினியில் சட்டி பானைச் சத்தம் கேட்கும். திரும்பி வந்துவிடுவேன்.

கிளுவை துளிர்த்திருந்தது. அப்போதுதான் இந்த இடத்தைப் பார்க்கிற மனேச்சர் வந்தார். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நல்லது.

"அம்மா, உது இஞ்சை சரிவராது. வேலி போடக் கூடாதெண்டு வரேக்கையே உங்கடை மகளிட்டைச் சொன்னனாங்கள். நீங்கள் தனிய இருக்கிறனீங்கள். வழுக்கி விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?"

"ஓம்" என்றேன்.

"பக்கத்திலை இருக்கிறவ அங்காலை வெறும் வீட்டுக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டவ. நாளைக்கு மாறுறா. அவவும் உங்களிலை குறை சொல்லேல்லை."

கிடுகைப் பிரித்தார்கள். தடிகளைப் பிடுங்கியபோது அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. புல்லு வெட்டும் மனுசன் அவற்றைக் கட்டிக்கொண்டு போய்த் தன் வளவில் நட்டாராம். அவள் சாமான்கள் புல்வெளிக்குக் குறுக்கே போனதை நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். மாதா சொரூபத்தை அவளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மகளிடம் சொன்னேன். "உது ஒரு பெரிய கதையே அம்மா? போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள். அவள் சொன்னது சரி. ஒரு சொல்லுத்தான்.

மூன்று நாள் அந்தச் சொல்லைப் படுக்கையில் கிடந்து ஒழுங்குபண்ணினேன். பொட்டு உனக்காகத்தான் விட்டேன், என்னைப் பற்றி அப்படி நினையாதே. அவ்வளவுதான். ஒரு பின்னேரம் வெளுத்த சேலை உடுத்துக்கொண்டு, வாங்குகளில் இருந்தவர்களைப் பாராமல் புல்வெளியைத் தாண்டிப் போனேன். அவள் வீட்டு வாசலில் கதிரைகள் போட்டு நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவள் சொன்ன ஏதோ பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"வாங்கோ, இருங்கோ" என்று அவள் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டாள். புது ஆளுக்குத் துடைத்துப் போடுவதுபோல.

இருந்தேன். ரீச்சராக இருந்தவ என்னைப் பார்த்துச் சிரித்தா. நானும் சிரித்தேன்.

"ஏதும் அலுவலாய் வந்தனீங்களோ?" என்று அவள் கேட்டாள்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நெருப்புப்பெட்டி ஒண்டு இருக்குமோ எண்டு…" என்றேன்.

உள்ளே போய் எடுத்துவந்து தந்தாள். எங்கள் விரல் முட்டவில்லை. "இருட்டப் போகுது, கவனமாய்ப் போங்கோ" என்றாள். நான் நடந்து கொஞ்சத் தூரம் போன பிறகு அவர்கள் திரும்பக் கதைக்கத் தொடங்கியது கேட்டது.

என் குசினியில் நெருப்புப்பெட்டிகள் ஒரு பைக்கற் இருக்கிறது. அவளுடையதை அவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டும், கொடுக்கும்போது அவள் தனிய நிற்கவேண்டும். அவள் தனிய நிற்கிறாளா என்று பின்னேரங்களில் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் புல்லு வெட்ட வந்த மனுசன் கதவில் தட்டினார்.

"ஆச்சி, அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டவ. நெருப்புப்பெட்டி திருப்பித் தரத் தேவையில்லையாம்."