சேவியர் அங்கிளின் இடது காது

போன வாரம் ஒருநாள் காலையில் குக்கர் வைத்துக்கொண்டிருந்தபோது நம் குடியிருப்பின் வாட்சப் குழுவில் செய்தி வந்தது. மாடி வீட்டு சேவியர் அங்கிள் தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குக் கீழேயே ஒருவர், "இன்னிக்குத் தண்ணி வருங்களா?" என்று கேட்டிருந்தார். அங்கிள் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு, பிறகு தானும் அதையே கேட்டிருப்பார்.

அறுபதுகளில் சென்னை ஸ்டூடியோக்களில் அவர் கிட்டார் வாசித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. பாடகர் இல்லாமல் வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கும் இசைத்தட்டுகள் அப்போது சக்கைப்போடு போட்டனவாம். அட்டையில் வாசித்தவர்கள் பெயர் இருக்காது. "ஆடுற பொண்ணு படத்தப் போட்டாம்மா. அவ ஒரு கம்பியத் தொட்டிருப்பாளா?" என்பார். அந்தக் காலத்துக் கிட்டார் எங்கே ஒலித்தாலும் "அது நாந்தான்" என்பார். சில சமயம் அது அவராகவும் இருந்திருக்கலாம்.

என் மகனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான். காது கேட்கவில்லையோ என்ற பயத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அங்கிள் இறங்கிவந்து, "ஏம்மா, பட்டறை ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" என்றார். சொன்னேன். சண்டையை விட்டுவிட்டுச் சட்டை மாற்றப் போனார். என் கணவருக்கு அன்று காலை ஷிப்ட். பரிசோதனைக்கு அங்கிள்தான் துணை வந்தார்.

மெத்தை ஒட்டிய சுவர், நடுவே கண்ணாடி, இருபுறமும் ஸ்பீக்கர். ரெக்கார்டிங் ஸ்டூடியோ மாதிரியே இருந்த அந்த அறையைப் பார்த்ததும் அவருக்கு வயது குறைந்துவிட்டது. பையனை அவரே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஃபேன நிறுத்தும்மா, டேக்ல விழும்."

"டேக் இல்ல சார், டெஸ்ட். சும்னே இரி சார்," என்று சும்மா இருக்கச் சொல்லிப் பாதிக் கன்னடத்தில் கெஞ்சினாள் பரிசோதனை செய்த பெண்.

வலப்பக்கம் சன்னமாக ஒரு ஒலி. பையன் டக்கென்று திரும்பினான். அங்கிள் திரும்பவில்லை.

"இன்னும் ஸ்டார்ட் பண்லியா?" என்றார்.

பையனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, பேச்சுதான் தாமதம், அவனோடு நிறையப் பேசுங்கள் என்றாள் அந்தப் பெண். "சார், உங்க ரைட் காதத்தான் பாக்கணும்."

"அது டிரம்ஸ்காரன் பக்கம்மா. அவன்கிட்டயேதான் எனக்கு ஸ்டூல் போடுவாங்க. படுபாவி, செத்தும் என் காதத் திருப்பிக் குடுக்கல."

நான் விசும்பி விசும்பி அழுதேன். "எனக்காக அழாதம்மா, இடது காது நல்லாத்தான் இருக்கு," என்று தேற்றினார். அவருக்காக அழவில்லை என்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

அதன்பின் தினமும் சாயங்காலம் பையன் மாடியில்தான் இருந்தான். அங்கிள் ஓயாமல் பேசுவார். இவன் ஏதாவது முனகினால் "ஆங்? என்னடா?" என்பார். இவன் பலமாகச் சொல்ல வேண்டும். முதலில் வந்த சொல் "அங்கிள்". "அம்மா" வர இன்னும் சில வாரங்கள் ஆயின. எனக்குப் பொறாமைதான்.

தேவாலயத்தில் எல்லோரும் அமைதியாக நின்றபோது, பெட்டியைச் சுற்றி இடது பக்கம் போய், "அங்கிள், வீட்டுக்கு வா!" என்று கத்தியது என் மகன்தான். திரும்பிப் பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

நேற்று பள்ளியில் மிஸ் சொன்னார்: "ரொம்பக் கத்திப் பேசறான், வீட்ல கொஞ்சம் சொல்லுங்க." சரி என்று தலையாட்டினேன். வரும் வழியெல்லாம், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அவன் என்னிடம் கத்திக்கொண்டே வந்தான். நானும் "ஆங்? என்னடா?" என்றேன்.