ஜன்னல் சீட் மச்சம்

பள்ளிக்கூடம் போகாத எனக்கு வாய் மட்டும் பட்டம் வாங்கியிருந்தது. மும்பை சான்பாடாவில் ஏறினால் ரயிலில் நிற்கவே இடமில்லை. இருமி இருமிக் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த ஓர் ஒல்லி மனிதருக்கு மட்டும் ஜன்னல் சீட் கிடைத்தது.

"க்யா பாத் ஹை அண்ணாச்சி! உடம்பெல்லாம் மச்சமோ?" என்றேன்.

சிரித்தார். "அதத்தான் டாக்டருங்களும் உடம்பு பூரா தேடுனாவ தம்பி. எனக்கு நுரையீரல்ல இருக்கது மச்சத்துல வார கேன்சராம். தோல்ல ஒரு மச்சங்கூட இல்ல. நேரா நுரையீரல்லயே ஆரம்பிச்சிருக்காம். எங்கயோ ஒருத்தனுக்குத்தான் அப்படி வருமாம்."

பட்டம் வாங்கிய வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

செம்பூர் வந்ததும் எழுந்தார். என் தோளைத் தட்டினார்.

"நீ உக்காரு தம்பி. இப்ப மச்சம் ஒனக்கு."

சீட் காலியாகத்தான் இருந்தது. எனக்குக் கால் மடங்கவில்லை.