ஓரகத்தி அடித்த ஒரு வரி

என் ஓரகத்திக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகம். பதினோரு வருஷமாக அங்கே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் என் கையால்தான் அச்சாகி வெளியே போகும். கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி இவள் வந்ததும், "படிச்ச பொண்ணு, வீட்ல சும்மா இருக்குது" என்று தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து ரெண்டு பேரும் ஒரே பஸ், ஒரே சீட்.

எங்கள் பிரின்டருக்கு ஒரு வியாதி. அச்சடித்து முடித்த பழைய ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் வரிசையிலேயே தங்கிவிடும். புதுசு எதுவும் நகராது. ஒவ்வொன்றாக மவுஸை வைத்து நான் அழிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரை டீச்சர்கள் என் நாற்காலியைச் சுற்றி நின்று, "இன்னும் எவ்ளோ இருக்குது மேடம்?" என்று கெஞ்சுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் மாதம், சான்றிதழ் வாங்கப் பெற்றோர் கூட்டம். வரிசை அடைத்துக்கொண்டது.

"நான் பாக்கட்டுமாக்கா?" என்றாள் ஓரகத்தி. கருப்புத் திரை ஒன்றைத் திறந்து என்னமோ அடித்தாள். நூற்றுக்கணக்கில் கிடந்த ஃபைல்கள் ஒரே மூச்சில் காலி. பிரின்டர் ஓட ஆரம்பித்தது.

தலைமையாசிரியை என்னைத்தான் பார்த்தார். "இத்தினி வருஷமா இத ஏன் நீங்க செய்யல?"

அன்று சாயங்காலமே மாமனார் காதுக்கும் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, "சின்னவ கெட்டிக்காரி" என்றார். என்னை அவர் அப்படிச் சொன்னதில்லை. மறுநாள் பஸ்ஸில் தலைவலி என்று சொல்லி வேறு சீட்டில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவள் அழிக்கும்போதெல்லாம் பின்னால் நின்று பார்த்து, கருப்புத் திரையில் அவள் அடிக்கும் வரியைத் திருட்டுத்தனமாக என் டைரியில் எழுதிக்கொண்டேன்.

ஆடி மாதம் அவள் கனகம்மாசத்திரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றைக்கென்று பிரின்டர் நின்றது. டைரியைப் பார்த்து அடித்தேன். அனுமதி இல்லை என்றது. மறுபடி அடித்தேன். அதே பதில். டீச்சர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். கேட்க வாய் வரவில்லை.

"பருப்பு டப்பா எங்க வெச்ச?" என்றேன்.

"அடுப்புக்கு மேல அலமாரியிலக்கா." நான் போனை வைக்கவில்லை. பிறகு அவளே, "பிரின்டர் மக்கர் பண்ணுதா? மொதல்ல சர்வீசஸ் லிஸ்ட்ல ஸ்பூலர்னு இருக்கும், அதுதான் அந்த வரிசைய புடிச்சி வெச்சினு இருக்குது. அத நிறுத்திட்டுதான் அழிக்கணும். அப்பறம் மறுபடி ஓட விடணும்" என்றாள்.

"இல்ல இல்ல, அது நல்லா ஓடிகினுதான் இருக்குது."

வைத்துவிட்டு உள்ளே போய் அவள் சொன்னபடியே செய்தேன். எல்லாம் அழிந்தது. "நீங்களே கத்துக்கிட்டீங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "ஆங்" என்றேன்.

திங்கட்கிழமை அவள் வந்ததும் தலைமையாசிரியை விடவில்லை. "நீ இல்லாமலே உங்க அக்கா சரி பண்ணிட்டாங்க, தெரியுமா? நீ சொல்லிக் குடுத்தியா?"

நான் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"நான் எங்க மேடம் சொல்லிக் குடுத்தேன்? அக்காவுக்கே தெரியும்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவளோடு ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் மறுபடியும் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.