நாற்பது பாட்டில் பீட்ரூட்

செய்தி வந்தபோது நான் பாப்பாரப்பட்டிச் சந்தையில் பீட்ரூட்டை மண் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்தவர்தான் சொன்னார்: “பெருசு, ஊறுகா மரகதம்மா காத்தால போயிட்டாங்களாம்.” கையிலிருந்த கிழங்கை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அப்படியே நடந்து போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். துக்க வீட்டில் ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது: “நல்ல கைப்பக்குவம். ஆனா மொத தடவ நாப்பது பாட்டில கெடுத்துட்டாங்க பாரு.” அதைக் கேட்ட பிறகு, மரகதம்மாவை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் சாணி எருப் போட்டுப் பீட்ரூட் வளர்த்தார். வேகவைத்துத் தோலுரித்து, வட்டமாக நறுக்கி, கண்ணாடி பாட்டிலில் அடுக்குவார். கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த காடி, கல்லுப்பு, நாட்டுச் சர்க்கரை, மிளகு, இஞ்சி, அவ்வளவுதான். சூடாக ஊற்றி மூடி, பாட்டில்களை அண்டாத் தண்ணீரில் முழுக்கிக் கொதிக்கவிடுவார். அடுப்பெரிப்பது என் வேலை. கெடாமலிருக்கக் கடையில் ஏதோ பொடி விற்கிறதே என்றேன் ஒருநாள். “காடி இருக்கறப்ப பொடி எதுக்குங்கண்ணா? அது நம்ம தோட்டத்துல காய்க்குதா?” என்றார்.

தருமபுரிக் கடைக்காரர் ஒருவர் முதன்முதலாக நாற்பது பாட்டில் கேட்டிருந்தார். பிடித்திருந்தால் மாதாமாதம் எடுப்பதாகப் பேச்சு. நன்றாகத் திரண்ட கிழங்கெல்லாம் அதில் போயிற்று. கொதித்த பாட்டில்களை எடுத்து ஆறவைத்துவிட்டு, சாயங்காலம் அவர் மாடு கட்டப் போனார். நான் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் மூடிக்குக் கீழே ஒரு விரல் அளவு காலி. காலமெல்லாம் சந்தையில் படியைக் கூம்பு கட்டி அளந்த கை என் கை. குறை அளவாகப் போனால் அந்தம்மாவுக்குக் கெட்ட பெயராயிற்றே என்று, நாற்பது மூடியையும் திறந்து அண்டா வெந்நீரை விளிம்புவரை ஊற்றி இறுக மூடினேன். நல்லது செய்த நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அவர் கரண்டியால் மூடிகளைத் தட்டிக்கொண்டே வந்தார். காற்றுப் புகாமல் பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். எல்லாம் டொக் டொக்கென்றன.

“அண்ணா, தொறந்தீங்களா?”

“கொறவா இருந்துதும்மா. வெந்நி ஊத்தி ரொப்புனேன்.”

ஒரு மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். “அந்த எடம் நான் விட்டதுங்கண்ணா, கொதிக்கறப்ப பொங்கறதுக்கு. இப்ப மூடியும் விட்டுப்போச்சு, காடியும் நீத்துப்போச்சு.”

அவருடைய நாத்தனார் பொன்னி பக்கத்தில் இருந்தாள். “பாத்தா நல்லாத்தான இருக்குது அண்ணி? வண்டி வர்ற நேரம். குடுத்துடுங்க.”

“தின்ன கொழந்த ஒண்ணு படுத்துட்டா, நீ போயி பக்கத்துல உக்காந்துக்குவியாடி?”

நாற்பதையும் தம் கையாலேயே எருக்குழியில் கவிழ்த்தார். குழியெல்லாம் சிவப்பு. ஒரு போகம் போனால் ஆண்பிள்ளைகள் நாங்கள் ஊரையே திட்டித் தீர்ப்போம். அந்தம்மா பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வந்து குழியைப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், “என் கை தப்பிருச்சுங்க” என்றார் மரகதம்மா.

“மொத தடவயே கை தப்புனா, எப்டிம்மா நம்பி வாங்கறது?”

காலி வண்டியோடு போனவர் மறுபடி வர ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை மரகதம்மா சந்தையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாக விற்றார்.

வண்டி போனதும் கேட்டேன்: “ஏம்மா எம்பேரச் சொல்லல?”

“பாட்டில் மேல ஒட்டறது எம்பேருங்களே” என்றார். பிறகு சிரித்துவிட்டார். “ஒங்களுக்குக் கை தாராளங்கண்ணா. அதான் தொந்தரவு.”

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் அளக்க முடியவில்லை. அந்த நாற்பது பாட்டிலைக் கெடுத்தவன் நான். அவர் உயிரோடு இருக்கும்போதே ஊரறியச் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு குரல் மட்டும்தான். இனி நம்மைக் கூப்பிட மாட்டார் என்று நான் அன்று தலைகுனிந்து வெளியே போனபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது:

“நாளைக்கு வெள்ளன வந்துருங்கண்ணா. சின்னக் கெழங்கு கொஞ்சம் மிச்சம் கெடக்குது, அடுப்பு பத்தவைக்கணும்.”