அண்ணனின் ராக்கெட்டுக்கு வெட்டிய எழுத்துகள்

என் அண்ணன் கிள்ளான் நகரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் டெக்னீஷியனாக இருந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. அட்டைக் குழாய் உடம்பு, மெல்லிய பல்சா மரத்தில் இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட். முழங்கை நீளம்தான் இருக்கும். முறையாக அனுமதி வாங்கி, பந்திங் பக்கம் ஒரு திடலில் அவற்றைப் பறக்கவிடும் சிறு குழு ஒன்றில் அவரும் சேர்ந்திருந்தார். அண்ணிக்கு அதில் ஆர்வமில்லை. "சூதாடாம குடிக்காம இருக்காரு, இதையாவது செய்யட்டும்" என்பார்.

நான் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கல்யாணங்களில் விருந்தினர்களுக்குக் கொடுக்கும் பாட்டில், டப்பாக்களில் ஒட்டுகிற பெயர் ஸ்டிக்கர் செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலேயே ஒரு சின்னக் கட்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். அதனால் ராக்கெட்டின் அலங்காரம் என் பொறுப்பானது. எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள அதுவரை பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அப்பா அம்மா போன பிறகு தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். ராக்கெட் வந்த பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்.

வினைல் என்கிற ஸ்டிக்கர் தாளை வெட்டுவது கஷ்டமில்லை. வெட்டிய பிறகு எழுத்துக்குள் இருக்கும் வேண்டாத துண்டுகளை ஊசியால் நோண்டி எடுப்பதில்தான் கழுத்து வலிக்கும். அட்டைக் குழாயில் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு இருக்கும். அதைப் பட்டி பூசித் தேய்த்து மறைக்காவிட்டால் வினைலுக்கு மேலும் அது தெரியும். அந்த வேலையை அண்ணன் செய்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்து, எங்கேயோ ஒரு மேடு இருக்கிறது என்று மறுபடி தேய்ப்பார். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. 'என்ன பொறுமை இந்த மனுஷருக்கு' என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் கட்டியதிலேயே பெரிய ராக்கெட்டுக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்தார். தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம். வெள்ளை உடம்பில் மெல்லிய வெள்ளி எழுத்தாக வடிவமைத்து முதல் அச்சைக் காட்டினேன்.

"என்னா பாப்பா இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெருசா போடு லா."

பெரிதாக்கினேன். அடுத்த முறை வந்தபோது, "இன்னும் பெருசா" என்றார். வெள்ளி வேண்டாம், மஞ்சள் வேண்டும். வெள்ளை உடம்பு வேண்டாம், கறுப்பு அடிக்கப் போகிறாராம். 'ட்' மேல் இருக்கும் புள்ளி ஒரு காசு அளவு இருக்க வேண்டும்.

"அண்ணே, இது ராக்கெட்டா, இல்ல லோரியா? பின்னாடி 'ஹார்ன் அடி'ன்னும் எழுதிடவா?"

அவர் கோபப்படவில்லை. "லோரி மாதிரியே இருக்கட்டும். மேல போனா தெரியணும்ல" என்று சிரித்தார். எனக்கு எரிச்சல். நான் படம் வரையப் படித்தவள். எது அழகு என்று எனக்குத் தெரியாதா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே மஞ்சள் வினைலை எடுத்தேன்.

ஒட்டும் நாளில், சோப்புத் தண்ணீர் தெளித்த குழாயை என்னிடம் நீட்டி, "நீயே ஒட்டு. உன் கைதான் ஆடாது" என்றார். பழைய ராக்கெட்டுகளில் அவர்தான் ஒட்டுவார், என்னைத் தொடவிட மாட்டார். அப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் வருபவர், அந்த மாதங்களில் கொம்யூட்டர் ரயிலில் வந்தார். "ரோட்டுல ஒரே ஜேம் லா, யாரு ஓட்டறது" என்றார். ராக்கெட் பாகங்களோடு வந்த விளக்கத் தாளை என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். எனக்கு எந்தச் சந்தேகமும் தோன்றவில்லை. தங்கைக்கு ஒரு வேலை கொடுக்கிறார் என்றுகூட சந்தோஷப்பட்டேன்.

பந்திங் திடலுக்கு அன்று நானும் போனேன். அண்ணிதான் கார் ஓட்டினார். காலை வெயில், காற்று குறைவு. ஏவும் கம்பியில் சிட்டைச் செருகிவிட்டு எல்லோரும் பின்னால் வந்தோம். அண்ணன் பொத்தானை அழுத்தினார். சீறிக்கொண்டு கிளம்பியது. கறுப்பும் மஞ்சளுமாக அது ஏறியது நிஜமாகவே அழகாக இருந்தது. உச்சியில் ஆரஞ்சுப் பாராசூட் விரிந்ததும் கைதட்டினார்கள். மெதுவாக வலதுபக்கம், செம்பனைத் தோட்டத்தை நோக்கி நகர்ந்தது.

"எப்படி அண்ணே!" என்று திரும்பினேன்.

அவர் இடதுபக்க வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை. கைதட்டல் அடங்கியதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "பாராசூட் விரிஞ்சிச்சா பாப்பா?"

"விரிஞ்சிச்சுண்ணே. நல்லா விரிஞ்சிச்சு" என்றேன்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தே தாரிக் டீ குடிக்க நின்றோம். அண்ணி பணம் கொடுக்கப் போனபோது அண்ணனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, கண்ணில் இறங்கியிருக்கிறது. கறுப்பு நூல் மிதப்பது மாதிரி தொடங்கி, இப்போது எல்லாம் கலங்கின தண்ணீருக்குள் இருப்பது மாதிரி.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா வேலய விட்டு நிறுத்திடுவாங்க. வீட்டுல தனியா வெளிய விட மாட்டாங்க. ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்கு வரவும் விட மாட்டாங்க."

அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனோம். லேசர், ஊசி என்று பல மாதங்கள் அலைந்தோம். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. வலது கண்ணில் வெளிச்சமும் ஆள் உருவமும் தெரிகிறது. "கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கலாம்" என்று மருத்துவர் ஒரே ஒரு தடவை சொன்னார், யாரையும் குறை சொல்லும் குரலில் அல்ல. அண்ணி அன்று காரில் அழுதார். கூடவே இருந்தும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. நானோ எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டவரிடம் மாதக்கணக்கில் அழகு பற்றி வாதாடிக்கொண்டிருந்தவள். ஒரு தடவையாவது "ஏன்?" என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரா என்று இன்னும் யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பதால் மனம் ஆறுவதில்லை.

இதற்கிடையே, செம்பனைத் தோட்டத்து வாய்க்காலிலிருந்து குழுவினர் சிட்டை எடுத்து வந்து கொடுத்தார்கள். ஓர் இறக்கை உடைந்திருந்தது. அண்ணன் அதை ஒட்டவில்லை. வேலையையும் விட்டுவிட்டார்.

போன மாதம் குழு மறுபடி பந்திங்கில் கூடியது. அண்ணனைக் கூப்பிட்டேன், வரவில்லை என்றார். "நீ போயி பாத்துட்டு சொல்லு."

போனேன். திடலிலிருந்தே போன் செய்தேன். சிவப்பில் ஒன்று நேராகப் போனது, நீலத்தில் ஒன்று பாதியிலேயே சாய்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல, அவர் இங்கே நிற்பது போல் உணர என் சொற்கள் போதவில்லை என்று தெரிந்தது. அவர் "ம், ம்" என்று கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது? எல்லாம் எங்க போயி எறங்கும்?" என்றார்.

கையை நீட்டிப் பார்த்தேன். "தெரியலண்ணே."

"சரி, வெயில்ல நிக்காத. வீட்டுக்குக் கெளம்பு" என்று போனை வைத்துவிட்டார்.